கடையை மூடினால் பழக்கம் நின்றுவிடுமா? முழு மதுவிலக்கு மாநிலத்தை நடத்திய குமாரசாமி ராஜாவின் கதை

1949 ஏப்ரல் 6. ராஜபாளையத்துக்காரர் ஒருவர் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் சட்டப்படி ஒரு கள்ளுக்கடையோ சாராயக்கடையோ கிடையாது. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த மாநிலத்தை நடத்தியவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ஒரு பழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா என்று இன்றும் டீக்கடையில் தொடங்கி தேர்தல் மேடை வரை பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு பாதி பதில் அவருடைய ஆட்சிக்காலத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, அதே ஆண்டுகளில் கோபன்ஹேகனிலும் லண்டனிலும் நடந்த ஆராய்ச்சிகளில் இருக்கிறது.

யார் இந்த குமாரசாமி ராஜா?

முழுப்பெயர் பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. 1898 ஜூலை 8-ல் ராஜபாளையத்தில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். சிறு வயதிலேயே தந்தையும் போய்விட்டார். உறவினர் வளர்ப்பில்தான் வளர்ந்தார்.

அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. அது 1985-ல் வந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் இருந்தது. இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்றால், பஞ்சாலையும் நூலும் ராஜபாளையத்துக்கு. தமிழக அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. இந்த ஒரே தாலுகா அந்த மாநிலத்துக்கு ஒரு முதல்வரையும் கொடுத்தது.

ராஜா காந்தியவாதி. கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு மூன்றும் அந்தத் தலைமுறை காங்கிரஸ்காரர்களுக்கு ஒரே மூட்டையில் வந்தவை. 1927-ல் காந்தி தென் மாவட்டங்களில் கதர்ப் பயணம் வந்தபோது ராஜபாளையத்துக்கும் வந்தார். உள்ளூர் அமைப்புகளில் பொதுவாழ்வைத் தொடங்கிய ராஜா, 1934-ல் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946-ல் டி.பிரகாசம் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியபோது, காங்கிரசுக்குள் காமராஜரின் ஆதரவு ராஜாவுக்குக் கிடைத்தது. அன்று மாகாண ஆட்சித் தலைவரை பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானதும் அந்தப் பதவியின் பெயர் முதலமைச்சர் என்று மாறியது. அந்த வகையில் சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும் அவர்தான், சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் அவர்தான்.

வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றங்கள் ரத்து செய்ததும், அதன் விளைவாக 1951-ல் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டதும் அவர் ஆட்சிக்காலத்தில்தான். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வந்தால் பெரும்பாலும் இதற்காகத்தான் வரும். மதுவிலக்குப் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மதுவிலக்கு எங்கிருந்து வந்தது?

திடீரென்று வந்ததல்ல. 1920-களிலேயே கள்ளுக்கடை மறியல் காங்கிரசின் பெரிய ஆயுதம். பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1937-ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் சென்னை மதுவிலக்குச் சட்டம் வந்தது. முதல் சோதனைக்களம் அவருடைய சொந்த மாவட்டமான சேலம். 1937 அக்டோபர் 1-ல் அங்கே கடைகள் மூடப்பட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் சில மாவட்டங்கள் சேர்ந்தன.

சிக்கல் பணத்தில் இருந்தது. நிலவரிக்கு அடுத்து அரசுக்கு வருமானம் தந்த பெரிய கறவை மாடு, மது மீதான ஆயத்தீர்வை. அந்த இழப்பைச் சரிக்கட்டத்தான் 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்டும் ஜிஎஸ்டிக்கு ஒரு வகையில் மூதாதை அந்த வரிதான்.

இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1943-ல், ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. காங்கிரஸ் திரும்பி வந்ததும் மறுபடி கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. ஓமந்தூரார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ல், காந்தி இறந்த பிறகு வந்த முதல் காந்தி ஜெயந்தியன்று, மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன.

ராஜா கைக்கு வந்தபோது என்ன நிலை?

கடை மூடுகிற விழா முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது தினசரி நிர்வாகம். கைதட்டல் கிடைக்காத வேலை அது.

முதல் பிரச்சினை பனையேறிகள். தென் மாவட்டங்களில் பனைமரம் ஏறிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். கள் இறக்கக் கூடாது என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? பதநீர் இறக்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம் என்பதுதான் அரசு காட்டிய வழி. கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே இருப்பது கலயத்தில் தடவும் சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது, பதநீர். இல்லையென்றால் சில மணி நேரத்தில் கள். சட்டத்தின் எல்லைக்கோடு அந்த ஒரு விரல் சுண்ணாம்பில் ஓடியது.

இரண்டாவது, கள்ளச்சாராயம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரமோ ஆற்றுப்படுகையோ, மறைவிடம் எங்கிருந்தாலும் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறல் போட்டுக் காய்ச்ச முடியும். பக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் தடை கிடையாது. போலீசுக்கு இது முடிவில்லாத வேலையானது.

மூன்றாவது, நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, மதுவிலக்கை நோக்கி அரசுகள் முயல வேண்டும் என்கிறது. 1951-ல் பம்பாய் மாநில மதுவிலக்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. ஆனால், சாராயம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருட்களையும் தடுத்த பகுதி செல்லாது என்றது. தடை போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கு வரம்பும் உண்டு என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இந்த மூன்றிலும் ஒருவர் காணவில்லை. அவர்தான் குடிக்கு அடிமையானவர்.

கடை மூடிய மறுநாள் காலை கை நடுங்கியவருக்கு என்ன ஏற்பாடு? நீண்டகாலம் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சில நேரம் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். இது இன்றைய மருத்துவத்தின் பாலபாடம். அன்று குடி என்பது ஒழுக்கக் கேடு அல்லது குடும்பத்தைக் கெடுக்கும் பாவம். மூளை சம்பந்தப்பட்ட நோய் என்ற பார்வை இங்கு வேர்விடவில்லை. ராஜாவை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. உலகமே அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது?

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1948-ல், சென்னை மாகாணம் கடைசிக் கடையை மூடிய அதே ஆண்டில், டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டைசல்ஃபிராம் மருந்து பற்றி அறிவித்தார்கள். வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடியவர்கள் அவர்கள். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வருவதைத் தங்கள் உடம்பிலேயே பார்த்தார்கள். குடிநோய்க்கு மருந்து என்ற எண்ணம் அதோடு பரவத் தொடங்கியது.

1950 செப்டம்பரில், ராஜா முதலமைச்சராக இருந்தபோது, லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால், சிகரெட்தான் கண்ணில் அடிக்கும் வித்தியாசம் என்றது அது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஏர்ன்ஸ்ட் விண்டர், எவர்ட்ஸ் கிரஹாம் ஆய்வும் அதையே சொன்னது. 1951-ல் டாலும் ஹில்லும் பிரிட்டனின் சுமார் 40,000 மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் வேலையைத் தொடங்கினார்கள்.

அப்போது இங்கே புகையிலை நிலைமை என்ன? பீடி, சிகரெட், வெற்றிலையோடு போயிலை எதற்கும் தடை இல்லை. 1943 முதல் புகையிலை மீது மத்திய அரசு தீர்வை வசூலித்துவந்தது, அவ்வளவுதான். காந்தி சிறுவனாக இருந்தபோது சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்காகக் காசு திருடியதையும் தன் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதியவர். புகையை அவர் வெறுத்தார். ஆனாலும் காங்கிரஸ் தொண்டர்கள் பெருமளவில் மறியல் செய்தது கள்ளுக்கடை முன்புதான். பீடிக்கடை முன்பு அல்ல.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். குடித்தவர் அன்றிரவே வீட்டில் சண்டை போடுவார். கூலிக் காசு அன்றே காலியாகும். பீடி இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் கணக்கைக் கேட்கும். சத்தம் போடாத பழக்கத்தை யாரும் கவனிக்கவில்லை.

சட்டத்தால் எது முடிந்தது, எது முடியவில்லை?

கிடைப்பது கடினமானால் பயன்பாடு குறையும். இதில் பெரிய சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில், கல்லீரல் சுருக்க நோயால் ஏற்படும் சாவுகள் முன்பைவிடக் குறைவாகவே இருந்தன. புதிதாகப் பழகுகிறவர்கள் குறைவார்கள். எப்போதாவது குடிப்பவர் விட்டுவிடுவார். கூலி வாங்கிய கையோடு கடைக்குள் நுழைவது நிற்கும்.

அடிமையானவர் கதை வேறு. அவருக்குக் குடி ஆசை அல்ல, தேவை. கடை இல்லையென்றால் காட்டுக்குப் போவார், எது கிடைக்கிறதோ அதைக் குடிப்பார். அதில் மெத்தனால் கலந்திருந்தால் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இப்படித்தான் இறந்தார்கள். அதுவும் அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்தில். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த ஆளுக்கு உதவி போய்ச் சேராதவரை ஆபத்து அப்படியே இருக்கிறது.

நிகோடினும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு இழுப்பு இழுத்த 10 முதல் 20 விநாடிகளில் அது மூளையை எட்டிவிடும். டோபமைன் சுரக்கும், ஒரு சின்ன நிம்மதி வரும். கொஞ்ச நேரத்தில் அது இறங்கும், எரிச்சல் வரும். அடுத்த தம் அந்த எரிச்சலை அடக்குகிறது. டென்ஷன் குறைகிறது என்று நினைக்கிறோமே, அதில் பெரும்பங்கு முந்தைய சிகரெட் உண்டாக்கிய டென்ஷன்தான்.

தேர்தல் தோல்வி, ஒடிசா, ஒரு வீடு

1952-ல் முதல் பொதுத்தேர்தல். உணவுத் தட்டுப்பாடு, ரேஷன், விலைவாசி என்று மக்கள் கடுப்பில் இருந்தார்கள். சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். ஏப்ரலில் ராஜாஜி மீண்டும் முதலமைச்சரானார். மதுவிலக்கு தொடர்ந்தது.

1954 முதல் 1956 வரை ராஜா ஒடிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில், 58-வது வயதில் காலமானார். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டைத் தன் காலத்திலேயே பொதுவுக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.

அதன் பிறகு என்ன ஆனது?

1971-ல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு சில ஆண்டுகளில் மறுபடி கடை மூடல், 1980-களில் மறுபடி திறப்பு. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. ராஜாவின் அரசு வேண்டாம் என்று விட்ட வருமானத்தை, பின்னால் வந்த அரசுகளால் விட முடியவில்லை.

சிகிச்சைப் பக்கம் தனியாக, மெதுவாக வளர்ந்தது. சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயாளியை நோயாளியாகவே நடத்தியது. குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. புகையிலைக்கு 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நாட்டில் 13 நிறுத்த மையங்கள் தொடங்கின. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று.

2008 அக்டோபர் 2-ல் பொது இடங்களில் புகைக்கத் தடை நாடு முழுக்கக் கடுமையானது. கள்ளுக்கடைகள் மூடிய அந்த காந்தி ஜெயந்திக்குச் சரியாக 60 ஆண்டுகள் கழித்து. இந்த முறை பீடியைத் தடை செய்யவில்லை. புகைக்கும் இடத்தைச் சுருக்கினார்கள், பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போட்டார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். பனையேறி குடும்பங்களுக்கு 1948-ல் வந்த கேள்வி, புகையிலை குறையக் குறைய இவர்களுக்கும் வரும். அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

இன்று நிறுத்த நினைப்பவருக்கு என்ன இருக்கிறது?

2016-17-ல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிறுத்தத் திட்டமிட்டவர்கள் அல்லது அப்படி யோசித்தவர்கள். மனசு இல்லாமல் இல்லை. துணை இல்லை.

எந்த உதவியும் இல்லாமல் சட்டென்று நிறுத்துகிறவர்களில், ஒரு முயற்சியில் ஆறு மாதம் தாண்டி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். நிகோடின் சூயிங்கம், பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன. ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. முதல் மூன்று நாள்தான் மோசம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உடம்பின் நச்சரிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒருமுறை நழுவினால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. நிரந்தரமாக விட்டவர்களில் பலர் நாலைந்து முறை முயன்று தோற்றவர்கள்தான்.

1951-ல் தொடங்கிய அந்த மருத்துவர் ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004-ல் வந்தது. தொடர்ந்து புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். 30 வயதில் விட்டால் அந்த 10 ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பும். 40-ல் விட்டால் 9, 50-ல் 6, 60-ல் விட்டாலும் 3 ஆண்டு மிச்சம்.

குடி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அதேபோல, குடியை நிறுத்தும் மருந்து என்று அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதும் கூடாது. அதில் இருப்பது டைசல்ஃபிராம் என்றால், அந்த ஆள் அன்று குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே வினையாகலாம். அவரே தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி எடுத்தால்தான் அது மருந்து.

புகையிலையை விட தேசிய இலவச எண் 1800-11-2356. குடி, போதைப்பொருள் பழக்கத்துக்கு 14446. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். குமாரசாமி ராஜாவின் காலத்தில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவர் பழக்கத்தை விட நினைத்தால் கூப்பிட இப்படி ஓர் எண் கிடையாது. இன்று போனில் எண்களை அழுத்தினால் போதும்.